கரீபியன் கப்பல் பயணம்: போய் வந்தபின் ஒரு புதுப்பிப்பு

கிளம்பும் முன் இங்கே இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன்: கரையே தெரியாத கடல் நாட்கள் சலிப்புத் தட்டுமா? தீவுகளில் கப்பல்காரர்களின் சுற்றுலாவில் சேர்வதா, நாமாகவே போவதா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கடல் நாட்கள் சலிக்கவே இல்லை. மயாமியிலிருந்து கிழக்குத் தீவுகளை எட்டும்வரை தண்ணீர்தான். கப்பலைக் கண்டு மிரண்ட பறக்கும் மீன்கள் அலைக்குச் சற்று மேலே வழுக்கிக்கொண்டு போவதை அம்மா மணிக்கணக்காகப் பார்த்தார்.

கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் சந்தையில் ஒரு பாட்டி ஜாதிக்காயைப் பிளந்து காட்டினார். மஞ்சள் தோலுக்குள் பளபளக்கும் கரும்பழுப்புக் கொட்டை, அதைச் சுற்றி வலைபோல ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி. நம் கடைகளில் வாங்கும்போது அது காய்ந்து வெளிறிப் போயிருக்கும். 2004இல் இவான் புயல் இங்கிருந்த ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. புதுக் கன்று காய்க்க ஆண்டுக்கணக்காகும்.

குவாதலூப்பை மட்டும் தவறவிடாதீர்கள். 1854 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அங்கே வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். கப்பெஸ்தேரில் சாலையோரமாகவே சிற்பங்களோடு கோயில் கோபுரம் நிற்கிறது. அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. மதியம் ‘கொலம்போ’ என்ற குழம்பு சாப்பிட்டோம். மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் நம் மசாலாவேதான்.

சரி, இரண்டாவது கேள்வி. பார்க்கும் இடம் துறைமுகத்துக்குப் பக்கமென்றால் நீங்களே போகலாம். தூரமென்றால் கப்பல் சுற்றுலாதான் நல்லது. அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும்; தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அப்புறம், குளிர்காலத்தில் மயாமி நேரம் இந்தத் தீவுகளைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பலின் கடிகாரம் மயாமி நேரத்தில் ஓடுகிறதா, தீவு நேரத்தில் ஓடுகிறதா என்று இறங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.