சொந்தமாங்களா, சம்பளத்துக்குங்களா?

லேத்துக்காரன், கணபதி

நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் புதுசா ஒருத்தரைப் பார்த்தா முதல் கேள்வி எந்த ஊரு. அடுத்தது யாரு வீடு. மூணாவதா, "என்ன பண்றீங்க, சொந்தமாங்களா சம்பளத்துக்குங்களா?" இதுக்குப் பதில் சொன்ன பிறகு எதிராளி முகம் மாறின அனுபவம் இருந்தா எழுதுங்க. என்னுதை முதல்ல சொல்லிடறேன்.

பதினொரு வருசம் ஒரு பம்புசெட் கம்பெனியில லேத்துல இரும்பு கடையற டர்னரா இருந்தேன். பிஎஃப், ஈஎஸ்ஐ, தீபாவளிக்குப் போனஸ் எல்லாம் உண்டு. மாமனார் ஒறம்பறைகிட்ட "மாப்ள கம்பெனியில இருக்காரு"ன்னு பாதியை முழுங்கிட்டுத்தான் சொல்லுவாரு. என்ன வேலைன்னு அவங்க கேக்கறதுக்குள்ள வெத்தலைத் தட்டை நீட்டிருவாரு.

2016-ல பழைய லேத் ஒண்ணு வாங்கி, பத்துக்கு இருபது ஷெட்டுல போட்டேன். மோட்டாருக்கு வார்ப்பு இரும்புப் புல்லி கடைஞ்சு குடுக்கற ஜாப் ஒர்க், பீஸுக்கு இவ்வளவுன்னு ரேட்டு. வார்ப்பு இரும்பு கடைஞ்சவங்களுக்குத் தெரியும், மூக்கைச் சிந்தினாக்கூட கறுப்பாத்தான் வரும். மொதல் ரெண்டு வருசம் கைக்கு வந்தது பழைய சம்பளத்துல பாதி. சம்சாரத்து நகை அடகுல இருந்துது.

அந்த லட்சணத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மாமனார் மைக் புடிக்காத குறையா, "மாப்ள சொந்தமாப் பட்டறை வெச்சுருக்காரு"ன்னாரு. கேட்டவர் சேர்ல இருந்து எந்திரிச்சுக் கை குடுத்தாரு. "எத்தனை மெசினுங்க?" நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள மாமனாரே சொல்லிட்டாரு, "இப்போதைக்கு ஒண்ணுங்க." அந்த 'இப்போதைக்கு' இருக்கு பாருங்க, அதுலதான் மூணு வருசம் எங்க குடும்பமே ஓடுச்சு.

பேட்லாக், திருப்பூர்

எங்க பனியன் கம்பெனியில ஆளுக்குப் பேரே கிடையாதுங்க, தைக்கற மெசின் பேருதான். "ஓவர்லாக்கு வரலியா?", "சிங்கர் எங்க போச்சு?" இப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப கைமடி. டெய்லர் உக்காந்து தைப்பாங்க, கைமடி பக்கத்துல நின்னு பீஸ் எடுத்துக் குடுக்கோணும், தைச்சு வந்ததை நூல் வெட்டி அடுக்கோணும். காலைல எட்டரைக்கு நின்னா மதியம் சாப்பாட்டுக்குத்தான் உக்கார முடியும். "ஏ கைமடி"ன்னா அந்த ஹால்ல இருபது பேரு திரும்பிப் பாப்போம்.

சாப்பாட்டு நேரத்துல வேஸ்ட் துணியை வெச்சு மெசின்ல தைச்சுப் பழகினேன், ஒரு வருசத்துக்கு மேல. ஒருநாள் பேட்லாக் அக்கா வரலை. ஷிப்மெண்ட் அவசரம், என்னை உக்கார வெச்சாங்க. அன்னைக்குப் பொழுதோட, அதுவரைக்கும் "ஏய்"ன்னு கூப்பிட்ட காண்ட்ராக்டர் "அக்கா, ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டுப் போறீங்களா"ன்னாரு. அவருக்கு என்னை விட வயசு கூட!

பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனோம். தாயின் தொழில்ங்கற கட்டத்துல வீட்டுக்காரர் 'இல்லத்தரசி'ன்னு எழுதி வெச்சிருந்தாரு. பெருமையாத்தான் எழுதினாரு, சண்டை போட முடியாது. நான் அடிச்சுட்டு பேட்லாக் டெய்லர்னு எழுதினேன். ஆபீசுல இருந்த தம்பி வெளியூரு போல, அப்படின்னா என்னன்னாரு. அவரு போட்டிருந்த டீசர்ட் கை மடிப்பைக் காட்டினேன். மேல பாத்தா ரெண்டு வரித் தையல், திருப்பிப் பாத்தா உள்ள பின்னல் மாதிரி ஓடும். அவரு கையை மடிச்சு மடிச்சுப் பாத்துட்டே இருந்தாரு.

தென்னந்தோப்பு, வெள்ளகோவில் பக்கம்

லேத்துக்காரண்ணா, உங்க மாமனார் கணக்கு எங்ககிட்ட எடுபடாதுங்க. நிலத்தை விடப் பெரிய சொந்தம் எதுங்க? ஒம்பது ஏக்கரா, கிணறு, ரெண்டு போரு, கட்டுத்தாரையில நாலு மாடு. வயசு 36.

போன தை மாசம் ஒரு பொண்ணு வீட்டுல இருந்து வந்தாங்க. தோப்பைச் சுத்திப் பாத்தாங்க, ஆளுக்கு ரெண்டு இளநி குடிச்சாங்க, "பண்ணையம் வெகு சுத்தமா வெச்சிருக்கீங்க தம்பி"ன்னாங்க. பொழுதோட தரகர் கூப்பிட்டாரு: "பையன் எங்கியாச்சும் வேலைக்குப் போனாத் தேவலைங்கறாங்க." அதைச் சொன்ன பொண்ணோட அப்பாவும் விவசாயிதானுங்க. அவரு பட்ட பாடு அவருக்குத் தெரியும், பொண்ணும் படோணுமான்னு நினைச்சிருப்பாரு. அதனால கோவம் வரலை.

இப்பப் பெருந்துறை சிப்காட்டுல ஸ்டோர்ஸ் வேலை, மாசம் 16,000. தோப்புல தேங்கா போடறவரு ஒரு நாள்ல வாங்கறது என் ரெண்டு நாள் சம்பளம், அதையும் நான்தான் எண்ணிக் குடுக்கறேன். ஆனா ஜாதகம் வர ஆரம்பிச்சிருச்சு. பொண்ணு இன்னும் வரலை.

சிங்காநல்லூர்க்காரன்

எங்க அப்பாரு காலத்துல சம்பளக்காரன்தான் ராஜா. கோயமுத்தூருக்கு 1888-ல முதல் பஞ்சு மில்லு வந்துது. அதுக்கப்புறம் மூணு தலைமுறைக்கு 'மில்லுக்காரர்'ங்கறது பட்டம் மாதிரி. மளிகைக் கடையில கடன் சொல்லலாம், பொண்ணு குடுக்கப் போட்டி நடக்கும். மில்லுக மூடினப்ப அதே கடைக்காரர் எங்க அப்பாவைக் கேட்டது: "இப்ப என்னங்க பண்றீங்க?" அப்பா பதில் சொல்லாம பையை மடிச்சுட்டு வந்துட்டாரு. நான் கூட இருந்தேன்.

ரிக் வண்டி, திருச்செங்கோடு

வருசத்துல எட்டு மாசம் மத்தியப் பிரதேசத்துல போர் ஓட்டறோம். அங்க தண்ணி பீச்சி அடிச்சா ஊரே ஓடிவந்து மாலை போடும், கைல காலுல விழற ஆளும் உண்டு. இங்க ரேசன் கடை வரிசையில, "வண்டிக்குப் போற பையந்தானே." அவ்வளவுதான்.

சாயம், பேரு வேண்டாம்

ஒரு காலத்துல சாயப்பட்டறை வெச்சிருந்தேன். 2011 ஜனவரியில கோர்ட்டு உத்தரவுல திருப்பூர்ல பட்டறைகளை மூடினாங்களே, அதுல எங்களுதும் போச்சு. அதுக்கு முன்னால எங்க போனாலும் முதல் வரிசைச் சேர்தான்.

ஒரு தடவை ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் சொந்தத்துல ஒரு எழவுக்குப் போனேன். எங்க பட்டறைக்காரங்க விட்ட சாயத்தண்ணி நொய்யல் ஆத்துல போயி நின்ன இடம் அது. வெயிலு. அந்த வூட்டு நங்கையா சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. நான் ஒரு நொடி தயங்கிட்டேன். அவங்க மெதுவா, "குடிங்க, லாரித் தண்ணிதானுங்க"ன்னாங்க. கிண்டலும் இல்லை, கோவமும் இல்லை. வந்தவன் தயங்கறானேன்னு சொன்னாங்க, அவ்வளவுதான். சட்டைப் பையில விசிட்டிங் கார்டு ஒரு கத்தை வெச்சிருந்தேன். ஒண்ணைக் கூட வெளிய எடுக்கலை.

கத்திரி, ஈரோடு

எங்க அப்பா கவுண்டமார் கல்யாணத்துல மங்கல வாழ்த்துப் பாடுவாரு. வழக்கம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அருமைக்காரர் சீர் செய்வாரு, குடிமகன், அதாவது முடி வெட்டற எங்காளுக, வாழ்த்துப் பாடோணும். பாட்டு முடியற வரைக்கும் மணவறையில ஒருத்தரும் அசைய மாட்டாங்க. சின்ன வயசுல எனக்கு அப்பா ராஜா மாதிரி தெரிவாரு. பாட்டு முடிஞ்சா அவரு சாப்பிடறது கடைசிப் பந்தி. அடுத்த நாள் அதே வூட்டுக்கு முடி வெட்டப் போனா கட்டுத்தாரை ஓரத்துலதான் உக்கார இடம்.

நான் ஈரோட்டுல ஏசி போட்டுக் கடை வெச்சிருக்கேன். மூணு சேரு. போன மாசம் ஒரு பெரியவர் வந்தாரு. ஊர்க்காரர்தான், என்னை அடையாளம் தெரியலை. நல்லாப் பேசினாரு. "நீங்க வெட்டறது நல்லா இருக்குதுங்க", "கடை வாடகை எவ்வளவு குடுக்கறீங்க", எல்லாம் 'ங்க'தான். பின் கழுத்துக்குக் கத்தி வைக்கறப்ப, "எந்த ஊருங்க, யாரு வீடு?"ன்னாரு. சொன்னேன்.

கழுத்து என் விரலுக்கு அடியில இருந்துது. விறைச்சுருச்சு. நான் கத்தியை எடுத்துட்டேன், அறுத்துரும்னு பயம். கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்கப்பன் பாட்டுப் பாடினா கேட்டுட்டே இருக்கலாம்"ன்னாரு. காசை ஐம்பது ரூபா சேத்தியே வெச்சாரு. கதவைத் தொறந்துட்டுத் திரும்பி, "வரட்டுமாடா."

மனுசன் கெட்டவர் இல்லைங்க. அவருக்கு அது பிரியமாப் பேசறதுதான். அந்த ஐம்பதைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன், எதுக்குன்னு தெரியலை.

பேட்லாக், திருப்பூர்

கத்திரி அண்ணா, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத வரலை.

லேத்துக்காரண்ணாவை ஒண்ணு கேக்கோணும். உங்க பட்டறையில இப்ப ஆளு இருக்காங்களா? அவங்களை என்னன்னு கூப்பிடறீங்க?

லேத்துக்காரன், கணபதி

இப்ப மெசின் மூணும்மா. ஆளு ரெண்டு பேரு, ரெண்டும் பீகார்ப் பசங்க. கேட்டுட்டீங்க, உள்ளதைச் சொல்லிடறேன். ஒருத்தன் பெரிய பீகாரு, இன்னொருத்தன் சின்ன பீகாரு. போன்லயும் அப்படித்தான் போட்டு வெச்சிருந்தேன்.

நேத்து உங்க கேள்வியைப் படிச்சுட்டுப் பட்டறைக்குப் போனேன். சின்னவன் டீ நேரத்துல அவங்கம்மாகிட்ட வீடியோ கால் பேசிட்டு இருந்தான். போனைத் திருப்பி லேத்தைக் காட்டினான், இரும்பைக் கவ்விப் புடிக்கற 'சக்'கைத் தட்டிக் காட்டினான், கடைஞ்சு வெச்ச புல்லியை ஒண்ணொண்ணாத் தூக்கிக் காட்டினான். அப்புறம் என் பக்கம் திருப்பி என்னமோ சொன்னான். அதுல 'மாலிக்'ங்கற ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது. அது என்னைச் சொன்னானா, அந்த மெசினுக்கு அவன்தான் மாலிக்குன்னு சொன்னானான்னு தெரியலை. அந்தம்மா திரையில கும்பிட்டாங்க. நானும் எந்திரிச்சுக் கும்பிட்டேன். கையெல்லாம் கரி.