தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். சோறு பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய், அப்புறம் அழுகை.

பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் சில நாட்களிலேயே மளமளவென்று இறங்கிவிடும். அதனால் வரும் அழுகை பெரும்பாலும் 2 வாரத்தில் தெளிந்துவிடுமாம். இவளுக்குத் தெளியவில்லை. தூக்கம் கெட்டால் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனும் தாறுமாறாகும். சிலருக்குத் தைராய்டும் கோளாறாகும். வீட்டிலோ, ‘பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே மனநல மருத்துவரிடம் சிகிச்சை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்தார்களா? முக்கியமாக, வர மறுப்பவளிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போனீர்கள்?