வளவுக்குள் போட்ட கத்தரி நாற்று சாய்ந்து விழுகிறது

கானாடுகாத்தான்காரி:
ஆடிப்பட்டத்துக்கு நட ஆனி பிறந்ததுமே கத்தரி, மிளகாய், செண்டுமல்லி விதை போட்டேன். வெளியே வெயிலும் கோழியும் விடாது என்று இரண்டாம் கட்டுப் பத்தியில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், குழித்தட்டில் வீட்டுச் செம்மண்ணையே நிரப்பி வைத்தேன். பத்து நாளில் எல்லாம் நூல் மாதிரி வெளுத்து நீண்டுவிட்டது. கத்தரி மட்டும் மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு நீர்கோத்துச் சாய்கிறது. ஆத்தா சாம்பலில் பிசறி முடிந்து வைத்த விதை. ஒரு சிட்டிகைதான் மிச்சம், அதை இழக்க எனக்கு மனசில்லை.

கோட்டையூர் தோட்டம்:
ஆச்சி, இரண்டும் வேறு வேறு கோளாறு. நீள்வது வெளிச்சம் போதாமல். நம்ம முற்றத்தில் வெயில் இறங்கவே நேரமாகும், பத்திக்கு அதுவும் வராது. தட்டை மொட்டைமாடியில் நிழல்வலைக்கடியில் வையுங்கள். சாய்வது நாற்றழுகல், ஈரம் தேங்கினால் வரும் பூஞ்சை. விழுந்ததை மண்ணோடு எடுத்துவிடுங்கள், அது பிழைக்காது. செம்மண் தட்டில் இறுகிவிடும். அலசின தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்புங்கள். மிச்ச விதையில் பாதியை மட்டும் போடுங்கள். போடும் முன் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சைப் பொடி) கலந்துகொள்ளுங்கள்; ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, உங்களுக்கு ஒரு சிட்டிகை போதும். தண்ணீர் காலையில் மட்டும்.

பள்ளத்தூர்:
அவசரப்பட்டு நடாதீர்கள். செண்டுமல்லிக்கு 30 நாள், கத்தரிக்கு 30–35, மிளகாய்க்கு 35–40. நடும் முன் நாலைந்து நாள் தண்ணீரைக் குறைத்தால் தண்டு திடமாகும்.

கானாடுகாத்தான்காரி:
தட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன், அண்ணே. விதையை எண்ணினேன்: 46. இன்று 23 போட்டிருக்கிறேன்.