அத்தைக்கு மார்பில கட்டி, சோயாமீற் திண்டதாலயாம். உண்மையோ?

குளக்கட்டு:
முத்தையன்கட்டில இருக்கிற எங்கட அத்தைக்கு (வயசு 54) மார்பில கட்டி எண்டு போன மாசம் பிடிபட்டு, இப்ப தெல்லிப்பழை கான்சர் ஆசுபத்திரிக்கு ஏத்தி இறக்கிக்கொண்டு திரியிறம். பாக்க வாற சனம் ஒண்டும் சும்மா வாறேல்ல, ஒருத்தர் சோயாமீற்றால எண்டுறார், ஒருத்தர் புரொயிலர் எண்டுறார், பக்கத்து வீட்டு ஆச்சி குரக்கனும் ஒடியலும் திண்ட காலத்தில உந்த வருத்தமே இல்ல எண்டுறா. மனுசி பயந்துபோய் மீன் முட்டை எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு கஞ்சியும் முருங்கையிலையும் மட்டும்தான். சாப்பாட்டால வருமோ வராதோ, தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

கச்சான்காரன்:
வராமல் என்ன தம்பி. நாங்கள் வளத்த ஊர்க்கோழி அறுக்கிற பதத்துக்கு வர அஞ்சாறு மாசம் எடுக்கும், இப்ப 35 நாளில ரெண்டு கிலோ நிக்குது, ஊசி ஏத்தாமல் உது நடக்குமோ? சோயாவுக்குள்ள பொம்பிளை ஹோர்மோன் இருக்கெண்டு படிச்சவையே சொல்லுகினம். வயலுக்கு அடிக்கிற களைநாசினி, கிளைபோசேற், கான்சர் வரப்பண்ணக்கூடியதெண்டு 2015இல உலக சுகாதார நிறுவனத்தின்ர ஆக்கள் சொன்னவை, அந்த வருசமே இஞ்சயும் தடை செய்தவங்கள். பிறகு திருப்பி விட்டுட்டாங்கள், அது வேற கதை. நான் ஒட்டுசுட்டானில ரெண்டு ஏக்கர் கச்சான் போடுறன், ஒரு சொட்டு மருந்தில்ல. இயற்கையாத் திண்டா ஒண்டும் வராது.

சுளகு:
அண்ணை கோவிக்காதேங்கோ, எல்லாத்தையும் ஒரு சாக்குக்குள்ள போட்டுக் கட்டுறியள். 2015இல கிளைபோசேற்றை ‘அனேகமா கான்சர் வரப்பண்ணும்’ எண்ட வகைக்குள்ள போட்டது உண்மைதான், ஆனா அது கதைச்சது மருந்து அடிக்கிற ஆக்களுக்கு வாற ஒரு நிணநீர்க் கான்சரைப் பற்றி, மார்புக் கான்சரைப் பற்றியில்ல. கோழி கெதியா வளருறது இனத்தாலயும் தீனாலயும், ஆயிரக்கணக்கில நிக்கிற கூட்டுக்குள்ள ஒவ்வொண்டாப் பிடிச்சு ஊசி போட ஆருக்கு நேரம்? சோயாவில இருக்கிறது செடியின்ர சாமான், உடம்பில வேலை செய்யிறது சரியான மெல்லிசு. சோயா கூடத் தின்னுற ஆசிய நாட்டுப் பெண்டுகளைப் பாத்த ஆய்வுகளில மார்புக் கான்சர் கூடேல்ல, கொஞ்சம் குறைவெண்டுதான் வந்திருக்கு.

குளக்கட்டு, அத்தையின்ர கஞ்சிப் பத்தியத்தை முதல் நிப்பாட்டுங்கோ. கீமோ துவங்கேக்க நிறை இறங்கினா உடம்பு மருந்தைத் தாங்காது, பிறகு அவங்கள் ஊசியைத் தள்ளிப்போடுவாங்கள். மீன், முட்டை, பருப்பு என்னெண்டு குடுக்கலாம் எண்டு அங்க கிளினிக்கிலயே கேளுங்கோ.

ஸ்காபரோ சிவா:
சீனியை ஒரேயடியா நிப்பாட்டுங்கோ. கான்சர் சீனியிலதான் வளருது. இஞ்ச ஸ்கான் எடுக்கேக்க சீனிதான் ஏத்துறவை, அது நேர கட்டியில போய் நிக்கும், நான் கண்ணால பாத்தனான்.

சுளகு:
சிவா அண்ணை, உடம்பில இருக்கிற எல்லாக் கலமும் குளுக்கோசிலதான் ஓடுது, கட்டி கூட இழுக்கிறபடியா ஸ்கானில தெரியுது. நீங்கள் ரீக்குச் சீனி போடாட்டி கட்டி பட்டினி கிடக்காது, உடம்பு சோத்திலயிருந்து எடுக்கும். சீனி கூடாதது வேற வழியால, நிறையைக் கூட்டும். மாதவிடாய் நிண்டாப்பிறகு பொம்பிளையின்ர உடம்பில ஈஸ்ட்ரோஜன் வாறது கூடுதலாக் கொழுப்பிலயிருந்துதான், அதாலதான் அந்த வயசில நிறை கூடினா மார்புக் கான்சரும் கர்ப்பப்பைக் கான்சரும் வாற ஆபத்துக் கூடுது. 2016இல அதே உலக சுகாதார நிறுவனத்தின்ர ஆக்கள் கூடின கொழுப்போட சேத்து 13 வகைக் கான்சரைச் சொன்னவை. முந்தி அம்மாக்கள் குளத்தடியில கல்லில அடிச்சு உடுப்புத் தோய்ச்சு தண்ணிக்குடம் தூக்கி வந்தவை, இப்ப மோட்டச்சைக்கிள், காலமை பணிசும் பால்தேத்தண்ணியும்.

கச்சான்காரன்:
பாத்தியளே, சுத்திச் சுத்தி சாப்பாட்டுக்குத்தானே வாறியள் தங்கச்சி 😂

சுளகு:
சாப்பாடு ஒண்டுமே இல்லயெண்டு நான் எங்க சொன்னன்? ஒரு சாமானைப் பிடிச்சு ‘உதாலதான்’ எண்டு சொல்லேலாது எண்டுறன். அமெரிக்காவில 48,835 பெண்டுகளை எடுத்து ஒரு பகுதிக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி எட்டு வருசமளவில பாத்தவை, 2006இல முடிவு வந்தது, மார்புக் கான்சர் கொஞ்சம் குறைஞ்ச மாதிரித் தெரிஞ்சாலும் உறுதியாச் சொல்லக் காணாது. அவ்வளவு சனத்தை வச்சே அவங்களால சொல்லேலாமல் கிடக்கு, பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில இருந்து சொல்லுறா. அதோட எனக்கு எரியிறது என்னெண்டா, வருத்தம் வந்தவளுக்கே ‘நீ திண்டதாலதான்’ எண்டு குற்றத்தையும் தலையில கட்டுறது.

மணலாத்துப் பெட்டை:
பால் குடுத்தா வராதெண்டு மிட்வைப் மிஸ் சொன்னவா...

குளக்கட்டு:
அத்தைக்கு அஞ்சு பிள்ளையள், அஞ்சுக்கும் ரெண்டு வருசம் மட்டில குடுத்தவ. பிறகும் வந்திச்சே?

சுளகு:
வராதெண்டில்ல, ஆபத்துக் குறையும். 2002இல 30 நாட்டு ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததில 12 மாசம் குடுக்கிறதுக்கு 4.3 வீதம் குறையுது. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி, காத்துக்கு நனையிறவையும் இருக்கினம். குளக்கட்டு, அத்தை கட்டியை எப்ப கண்டவ?

குளக்கட்டு:
அதுதானே அக்கா. போன வருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதலே கையில தட்டுப்பட்டதாம். நோகேல்ல எண்டு விட்டுட்டாவாம், பொங்கல் முடியட்டும், வயல் வெட்டு முடியட்டும், மகளின்ர கலியாணம் முடியட்டும் எண்டு. மாமாவுக்கே சொல்லேல்ல.

சுளகு:
நோகாத கட்டியெண்டு விடக்கூடாது. எம்ஓஎச்சில, அதுதான் சுகாதார வைத்திய அதிகாரியின்ர கந்தோரில, 35 வயசுப் பெண்டுகளுக்கு வெல் வுமன் கிளினிக் நடக்குது, மார்பும் பாப்பினம், கர்ப்பப்பை வாய்க்கு பப் ரெஸ்டும் எடுப்பினம், காசில்ல. மகளையாவது நேரத்துக்கு அனுப்புங்கோ.

வெத்திலைத்தட்டம்:
எல்லாரும் கோழியையும் சோயாவையும் பிடிச்சுத் தொங்குறியள், வெத்திலையை ஒருத்தரும் வாயில எடுக்கேல்ல, எடுத்தா வாய்க்குள்ளதான் போகும் போல. களை பிடுங்கப் போற பெண்டுகளின்ர இடுப்பைப் பாருங்கோ, சுண்ணாம்பு ரின்னும் பொயிலைத் துண்டும் சுருட்டிச் செருகியிருக்கும், பசிக்கிறது தெரியாதாம். எங்கட அம்மா முப்பது வருசம் கன்னத்துக்குள்ள அடக்கினவ, இப்ப அவவின்ர வாய்க்குள்ள மூண்டு விரல் போகாது, உள்கன்னம் வெள்ளையா வெளுத்து, தோல்ப்பட்டி மாதிரி இறுகிப்போச்சு. சோத்தைச் சுண்டங்காய் அளவு உருட்டித்தான் வைக்கிறம், ஒரு மிளகாய்த் துண்டு பட்டாலும் கண்ணால தண்ணி ஓடும். பொயிலை போடாட்டிப் பரவாயில்ல எண்டு இன்னும் சொல்லுகினம், பாக்கே தனியக் காணும், 2004இலயே அதைக் கான்சர் வரப்பண்ணும் எண்ட முதலாம் வகுப்பில போட்டாச்சு.

கச்சான்காரன்:
எங்கட வீட்டிலயும் போடுறவதான். சொன்னா ஆர் கேக்கினம்.
சரி தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். 2021 மார்ச்சில இறக்கின தேங்காயெண்ணெய்க்குள்ள கான்சர் சாமான் எண்டு நாடே கொந்தளிச்சதே, அது சாப்பாடில்லயோ?

சுளகு:
அது சாப்பாடுதான் அண்ணை, அதில உங்கட பக்கம்தான் நான். அப்லரொக்சின், பூஞ்சணம் விடுற நஞ்சு, ஈரல் கான்சருக்குக் காரணம். ஆனா அது களைநாசினி இல்ல, சுத்த இயற்கை. ஈரம் வத்தாமல் கட்டி வைக்கிற கொப்பறாவிலயும் வரும், செத்தல் மிளகாயிலயும் வரும், கச்சானிலயும் நல்லா வரும். வறுத்தாலும் முழுக்கப் போகாது.

கச்சான்காரன்:
எங்கட கச்சான் வெயிலில காய்ஞ்சது.

(ஒரு மணித்தியாலம் கழிச்சு)

கச்சான்காரன்:
தங்கச்சி, விதைக்கு வச்ச சாக்கை அவிட்டுப் பாத்தன். மேல சோக்கா இருக்கு. சீமெந்தில முட்டின அடிப்பக்கம் வேர்த்து, ஒரு சுளகளவு கோதுக்குள்ள பச்சைப் பொடி, ஊதினா பறக்குது. மனுசி கோழிக்குப் போடுவம் எண்டுறா. போடலாமோ?

சுளகு:
ஐயோ வேண்டாம் அண்ணை!! 1960இல இங்கிலாந்தில பூஞ்சணம் பிடிச்ச கச்சான் புண்ணாக்குத் திண்டு லட்சம் வான்கோழியள் செத்துத்தான் இந்த நஞ்சையே பேந்து கண்டுபிடிச்சவை. மூக்கைக் கட்டிக்கொண்டு அள்ளித் தாழுங்கோ.

கச்சான்காரன்:
புரொயிலருக்கு ஊசி எண்டு சொன்ன வாயால ஊர்க்கோழிக்கு நஞ்சு வைக்கப் பாத்தனே. சரி, மண்வெட்டி எடுக்கிறன்.

குளக்கட்டு:
அத்தை மத்தியானம் மீன் சொதியோட கொஞ்சம் சோறு சாப்பிட்டவ. ஆச்சி படலையில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவா 😅