தாரா, காடை, கோழி: இரும்புச்சத்துக்காக நாங்கள் செய்த ஒப்பீடு

தக்கலைப் பக்கம் கோழியும் தாராவும் (வாத்து) பண்ணைக் காடையும் எளிதில் கிடைக்கின்றன. அம்மாவின் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகு, எந்தக் கறி நல்லது என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தது. அதற்காகத் தேடித் தெரிந்துகொண்டவற்றைப் பகிர்கிறேன்.

தோல் நீக்கிய 100 கிராம் பச்சை இறைச்சியை எடுத்துக்கொண்டால், கோழியின் நெஞ்சுக்கறியிலும் காடையிலும் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. தாராவில் 18 கிராம். வான்கோழி நெஞ்சு கோழியை ஒட்டியே வருகிறது. ஆனால் இரும்புச்சத்து கோழி நெஞ்சில் அரை மில்லிகிராம் அளவே இருக்க, தாராவில் சுமார் 2.4, காடையில் சுமார் 4.5 மில்லிகிராம் என்று உயர்கிறது.

காரணம் அந்தத் தசை செய்யும் வேலை. நெடுந்தூரம் பறக்கும் இனங்களின் வழிவந்த தாராவுக்கும் காடைக்கும் நெஞ்சுத்தசை ஓயாமல் உழைக்க வேண்டியிருந்ததால், ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் என்ற இரும்பு கலந்த சிவப்புப் புரதம் அதில் மிகுந்திருக்கிறது. கோழியோ பறப்பதைவிட நடப்பதே அதிகம். அதனால்தான் அதன் நெஞ்சு வெளுத்தும் தொடை சற்றுச் சிவந்தும் இருக்கின்றன. தொடையில் இரும்பும் நெஞ்சைவிடக் கூடுதல்.

தாராவில் கவனிக்க வேண்டியது தோல். தண்ணீரில் வாழும் பறவைக்குக் குளிர் தாங்கத் தோலடியில் கொழுப்பு வேண்டும். தோல் நீக்கிய கறியில் 6 கிராமாக இருக்கும் கொழுப்பு, தோலோடு சேர்த்தால் 40 கிராமை நெருங்கிவிடுகிறது. இதைப் பார்க்காமல் தாராவைக் கோழியோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. நம் ஊர் வறுத்தரைத்த குழம்பில் தேங்காயின் கொழுப்பும் சேர்வதால், எங்கள் வீட்டில் இப்போது தேங்காயைக் குறைத்து, மல்லியையும் நல்லமிளகையும் கூட்டியிருக்கிறோம்.

சமைத்த கோழி நெஞ்சில் 31 கிராம் புரதம் என்று படித்து வியப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வேகும்போது நீர் வெளியேறி எடை குறைவதால்தான் அந்த எண் கூடுகிறது. நாட்டுக்கோழிக்குப் பிராய்லரைவிடப் புரதம் மிக அதிகம் என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. அதன் இறுக்கம் பெரிதும் வயதோடு உறுதிப்படும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் வருவது. சுவைக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வேறு.

அம்மாவுக்கு மாத்திரை தொடர்கிறது. காடை கிடைக்கும் வாரம் காடை, கிடைக்காவிட்டால் தோல் நீக்கிய தாரா அல்லது கோழித்தொடை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். கினிக்கோழி சமைத்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.