15,000 ரூபாய் வெறுங்கையா?

சோமனூர் தறிக்காரன்:
நேத்து பக்கத்துக் கல்லூரியில தொழில்முனைவோர் கூட்டம். பேச வந்தவர் சொல்றார்: "வெறி இருந்தா போதும் தம்பிகளா, முதல் ஒரு பொருட்டே இல்ல. கெவின்கேர் ரங்கநாதன் 1983ல வெறும் 15,000 ரூபாயோட சிக் ஷாம்பு ஆரம்பிச்சார்." பசங்க கைதட்டுறாங்க. எனக்கு வயிறு எரியுது. 1983ல பவுன் 1,500 ரூபாய்க்குக் கிட்ட. அப்போ 15,000ன்னா பத்துப் பவுன். பத்துப் பவுன் எப்படிங்க "வெறும்" ஆகும்? எங்க அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார், அப்போ மாசம் 600 வாங்கினார். அவருக்கு அது ரெண்டு வருஷச் சம்பளம்.

கடலூர் குமரன்:
வந்துட்டாருய்யா. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் மேல வந்தா இவருக்குப் பொறுக்காது. ஷாம்பு கம்பெனி வைக்க 15,000 எந்த மூலைக்கு? மெஷின், வாடகை, பாட்டில், விளம்பரம் எல்லாம் அதுக்குள்ள. அன்னைக்கு பெரிய கம்பெனிங்க எதிர்ல நின்னது அந்தக் காசா, அந்த மனுஷனோட வெறியா?

சோமனூர் தறிக்காரன்:
பாட்டிலா? சிக் வந்ததே சாஷேல, அதான் ஒரு தடவைக்கான சின்னப் பாக்கெட்டுல. தெரியாம பேசாதீங்க குமரன். அந்த சாஷே யோசனையே அவரோட அப்பா சின்னிகிருஷ்ணனோடது. வெல்வெட் ஷாம்பு சாஷே வந்தது அந்த வீட்டுல இருந்துதான். "சிக்"ங்கற பேரே அப்பாவோட பேர்ல இருந்து வந்ததுதான். ஷாம்பு எப்படிக் கலக்கணும், எப்படி அடைக்கணும், எந்தக் கடையில வைக்கணும்னு சின்ன வயசுல இருந்து பாத்து வளர்ந்தவர். அதுக்கு மேல பத்துப் பவுன் கையில. இதைச் சொல்லாம "வெறி"ன்னு மட்டும் சொன்னா அது பொய்.

பவானி:
முதல்ல ரெண்டு பேரும் வெறின்னா என்னன்னு சொல்லுங்க. ராத்திரி தூக்கம் இல்லாம அதையே நினைக்கிறதா, இல்ல பத்து வருஷம் விடாம செய்யறதா? ரெண்டும் ஒண்ணு இல்ல.

கடலூர் குமரன்:
அதே வீட்டுல அண்ணன் தம்பிங்களும்தான் வளர்ந்தாங்க. அவங்களும்தான் சாஷே பாத்தாங்க. 83ல வெளியே வந்து தனியா நின்னவர் இவர்தானே? அதுக்குப் பதில் சொல்லுங்க. காலி கவர் அஞ்சு கொண்டு வந்தா ஒரு சிக் சாஷே இலவசம்னு அறிவிச்சாரே, முதல்ல எந்தக் கம்பெனி கவர்னாலும் வாங்கினாரே, அந்த யோசனை யாரோட பவுன்ல வந்தது?

சோமனூர் தறிக்காரன்:
யோசனை நல்ல யோசனை, நான் மறுக்கல. அந்த இலவச சாஷேவை யார் காசுல கொடுக்கிறது? நீங்க பத்துப் பவுனுக்குப் பதில் சொல்லாம நழுவறீங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, 1983ல ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு 600ஆ? நான் பஞ்சப்படி எல்லாம் சேர்த்து அதைவிட நல்லாவே கூட வாங்கினேன். கணக்கு தப்பு.

சோமனூர் தறிக்காரன்:
ஐயா, எங்க அப்பா வேலை பார்த்தது அரசு உதவி பெறும் தனியார் பள்ளி. கைக்கு வந்தது 600. எனக்குத் தெரியாதா?

கடலூர் குமரன்:
ஆக, சொந்த அப்பா சம்பளமே சரியாத் தெரியல, பவுன் விலை மட்டும் தெரியும். இதே மன்றத்துல விசைத்தறி மானியம் பத்தின திரியிலயும் இப்படித்தான், ஒரு தொகையைப் பிடிச்சுக்கிட்டு மூணு நாள் தொங்கினார்.

சோமனூர் தறிக்காரன்:
அந்தத் திரியில நான் சொன்னது சரின்னு கடைசியில எல்லாரும் பாத்தாங்க. அதை இங்க இழுக்காதீங்க.

சரி, நான் ஏன் தொங்கறேன்னு சொல்றேன். எங்க அண்ணன். அவனுக்கு இல்லாத வெறி யாருக்கும் கிடையாது. 2011ல அண்ணியோட எட்டுப் பவுனை வித்து, ஒரு வங்கியில கடன் வாங்கி, ஆறு தறி போட்டான். தறிக்குடோன்லயே படுப்பான். காய்ச்சலோட பாவு பிணைப்பான். நூல் விலை ஏறினப்போ கூலி உயர்வு வரல, கரண்ட் நாளைக்குப் பாதி நேரம் இல்ல. மூணே வருஷத்துல தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டான். இன்னைக்கு இன்னொருத்தர் குடோன்ல கூலிக்கு ஓட்டறான். அந்தக் கூட்டத்துல பேசினவர் கணக்குப்படி என் அண்ணனுக்கு வெறி பத்தல. அதைக் கேட்டுட்டு நான் சும்மா இருக்கணுமா?

பவானி:
அண்ணன் விஷயம் வருத்தமா இருக்கு. நான் பத்து வருஷமா சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதறேன். மூடின கம்பெனிக்காரங்கள்ல வெறி இல்லாதவங்களை நான் பாத்ததில்ல. அதனாலதான் கேக்கறேன், வெறின்னா என்ன?

கடலூர் குமரன்:
அண்ணன் கதைக்கு நானும் வருத்தப்படறேன். ஆனா ஒருத்தர் தோத்ததை வச்சு ஜெயிச்சவரைக் குறைக்கக் கூடாது. உங்க கோயம்புத்தூர்ப் பக்கமே முருகானந்தம் இருக்காரே. 1998ல நாப்கின் செய்யக் கிளம்பினார். கால்பந்து பிளாடர்ல ஆட்டு ரத்தம் ஊத்தி இடுப்புல கட்டிக்கிட்டு நடந்தார். ஊர் ஒதுக்குச்சு, மனைவி பிரிஞ்சு போனாங்க. கம்பெனி நாப்கின் உள்ள இருக்கறது பஞ்சு இல்ல, பைன் மரக் கூழ்னு கண்டுபிடிக்கவே வருஷக்கணக்கா ஆச்சு. 2016ல பத்மஸ்ரீ. அவருக்கு எந்தப் பத்துப் பவுன் இருந்தது?

சோமனூர் தறிக்காரன்:
அவர் பட்டறைக்காரர். வெல்டிங் தெரியும், மெஷின் தெரியும். கைத்தொழில்தான் அவரோட பத்துப் பவுன்.

கடலூர் குமரன்:
இப்போ கைத்தொழிலும் பவுன் ஆயிடுச்சா! நாளைக்கு மூச்சு விடறதும் பவுன்னு சொல்வீங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
உதவி பெறும் பள்ளிக்கும் அரசுச் சம்பளம்தான் தம்பி. நிர்வாகம் அதுல ஒரு பங்கைப் பிடிச்சுக்கிட்டிருந்தா அது வேற விஷயம்.

சோமனூர் தறிக்காரன்:
பிடிச்சாங்க ஐயா. அதைத்தான் சொல்றேன். கையெழுத்து ஒரு தொகைக்கு, கைக்கு வந்தது 600.

குமரன், முருகானந்தத்தை விடுங்க. நான் கேட்டது ஒரே கேள்வி. பவுன் 1,500, தொகை 15,000. வகுத்தா பத்து. பத்துப் பவுன் கையில இருக்கறவனை எந்த ஊர்ல வெறுங்கைன்னு சொல்வாங்க? கடலூர்லயா?

கடலூர் குமரன்:
கடலூரை இழுக்காதீங்க. எங்க அப்பாவும் 83ல வாத்தியார்தான், கவர்மென்ட் ஸ்கூல். பழைய சம்பளச் சீட்டு பீரோவுல இருக்கு. நாளைக்கு போட்டோ எடுத்துப் போடறேன், அப்புறம் பேசுவோம்.

சோமனூர் தறிக்காரன்:
போடுங்க. அப்படியே அதே மாசம் பவுன் வாங்கின ரசீது இருந்தா அதையும் போடுங்க.