‘ஸ்லேக்’ என்றால் தாகம் தணிப்பதா, சுண்ணாம்பு தாளிப்பதா?

(வளவு, முகப்பு, இரண்டாங்கட்டு, திண்ணை என்பவை இங்கே பேசுபவர்களின் பெயர்கள்.)

வளவு:

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுச் சுவர்ப்பூச்சைச் சரிசெய்ய ஆங்கிலத்தில் வேலைக்குறிப்பு வந்திருக்கிறது. கொத்தனார்களிடம் கொடுப்பதற்கு அதைத் தமிழில் எழுத வேண்டும். ‘ஸ்லேக்’ என்ற வினைச்சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது: சுண்ணாம்பை ஸ்லேக் செய், ஸ்லேக் ஆகாத கட்டியைப் பொறுக்கி எடு, முழுக்க ஸ்லேக் ஆகும்வரை பூசாதே. அகராதியில் முதல் பொருளே ‘தாகம் தணி’ என்று இருக்கிறது. இங்கே வேலைக்காரர்கள் சுண்ணாம்பு ‘தாளிக்கிறது’ என்கிறார்கள். பள்ளிப் பாடத்திலோ ‘நீற்றுச் சுண்ணாம்பு’. எல்லாம் ஒன்றுதானா? தாகத்துக்கும் சுண்ணாம்புக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதும் குறிப்பில் தெளிவாக இல்லை.

முகப்பு:

எல்லாம் ஒன்றுதான்: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் சேர்த்து உடைய விடுவது. ஆனால் அந்தச் சொல்லின் வேரில் தண்ணீரே கிடையாது.

‘ஸ்லேக்’ பிறந்தது ‘ஸ்லாக்’ குடும்பத்தில். கயிறு தொய்ந்திருக்கிறது என்று சொல்ல இன்றும் ஆங்கிலத்தில் ‘ஸ்லாக்’ என்கிறார்களே, அதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்லாகியன்’ என்றால் தளர்தல், முனைப்புக் குறைதல். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் பசி, தாகம், கோபம் இவற்றின் வேகத்தைத் தணிப்பதற்கு அது வந்தது. சுண்ணாம்புக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில்.

சுண்ணாம்புக்கு ஏன் பொருந்தியது என்பதற்கு மறுபாதிச் சொல்லைப் பார்க்க வேண்டும். சுட்ட சுண்ணாம்புக்கு ஆங்கிலத்தில் ‘குவிக்லைம்’ என்று பெயர். பலர் இதை ‘வேகச் சுண்ணாம்பு’ என்று மொழிபெயர்க்கிறார்கள், அது தவறு. ‘குவிக்’ என்பதன் பழைய பொருள் ‘உயிருள்ள’. லத்தீனிலும் ‘கால்க்ஸ் விவா’, உயிருள்ள சுண்ணாம்பு. தண்ணீர் பட்டதும் சீறிக் கொதித்து உடைவதால் உயிர் இருப்பதாக நினைத்தார்கள். அந்தச் சீற்றம் அடங்கும்படி செய்வதுதான் ஸ்லேக். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் தண்ணீர் விட்ட சுண்ணாம்பை ‘அணைந்த சுண்ணாம்பு’ என்றே சொல்கிறார்கள். ஜெர்மானியர்கள் தீ அணைப்பதற்கும், தாகம் தீர்ப்பதற்கும், சுண்ணாம்பு நீற்றுவதற்கும் ‘லோஷென்’ என்ற ஒரே வினையை வைத்திருக்கிறார்கள். உங்கள் அகராதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மொழிபெயர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘நீற்று’ என்பது தண்ணீர் விட்டு மாவாக்குவதற்கும் வரும், தீயில் சுட்டுச் சாம்பலாக்குவதற்கும் வரும். அப்பரை அடைத்து வைத்ததாகச் சொல்லும் நீற்றறை, சுண்ணாம்புக் காளவாய்தான். ஆகவே வெறுமனே ‘நீற்று’ என்று எழுதினால் சுடச் சொல்கிறார்களா, தண்ணீரில் போடச் சொல்கிறார்களா என்ற சந்தேகம் வரும். கொத்தனார் கையில் போகும் தாளுக்கு ‘தாளி’ என்பதே போதும். ஒரே வாசிப்பில் விளங்கும்.

இரண்டாங்கட்டு:

தண்ணீர்க் கணக்கு இதோ. 56 பங்கு எடையுள்ள சுத்தமான சுட்ட சுண்ணாம்பு 18 பங்கு தண்ணீரைக் குடித்து 74 பங்கு நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதாவது 10 கிலோவுக்கு 3.2 லிட்டர். இது வேதியியல் கணக்கு மட்டும். இதை நம்பி அளந்து ஊற்றினால் பாதி தாளிக்காமல் நிற்கும். ஒரு கிலோ தாளிக்கும்போது வரும் சூடு, 30 டிகிரியில் உள்ள மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நிறையத் தண்ணீர் ஆவியாகவே போய்விடும். பூச்சுக்கான விழுதுக்குக் கன அளவில் ஒரு பங்கு கட்டிக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர் வையுங்கள். நல்ல தண்ணீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் தாளித்தால் பின்னால் சுவரில் உப்புப் பூக்கும்.

முதலில் தொட்டியில் தண்ணீர், பிறகு கட்டி. கட்டியைக் குவித்துவிட்டு மேலே தண்ணீர் தெளிப்பது பலரும் செய்வது, ஆனால் பூச்சு வேலைக்குக் கெடுதல். தண்ணீர் போதாத இடத்தில் சூடு அளவுக்கு மீறி, மணல் மாதிரிக் குருணை உண்டாகும்; அது அப்புறம் லேசில் தாளிக்காது. கட்டியை எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நீளக் காம்பு மண்வெட்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். எந்தக் கட்டியும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது. கையில் எடுக்கும்போதே கனமாகத் தெரியும் கட்டி, சூளையில் உள்ளே வேகாமல் நின்ற கல். சுண்ணாம்புக்கல் நன்றாகச் சுட்டால் எடையில் 44 சதவீதம் இழந்துவிடும், அதனால் நல்ல கட்டி இலேசாக இருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மெதுவாக வேலை செய்யும் சுண்ணாம்பை, குறிப்பாக மக்னீசியம் கலந்ததை, ஒரேயடியாகக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கடித்தால் சூடு ஏறாமல் அரைவேக்காடாக நின்றுவிடும். அதற்கு வெந்நீரில் தொடங்க வேண்டும்.

கொதி அடங்கியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம். சூளையில் அதிகமாக வெந்து இறுகிய துணுக்குகள் தாளிக்க நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவை சாந்தோடு சுவரேறினால் அங்கே ஈரம் இழுத்து உப்பி, பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சின்னக் குழியும் அதன் அடியில் வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால் இதுதான். நம் பக்கத்து வெள்ளைக்கரு சேர்த்த மேல்பூச்சு மிக மெல்லியது என்பதால் ஒரு துணுக்கு கூட மறையாது. ஆகவே மெல்லிய சல்லடையில் வடிகட்டி, குழியில் விட்டு, மேலே இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். அடிப்பூச்சுக்கு இரண்டு வாரமாவது, கூழாங்கல் கொண்டு இழைக்கும் மேல்பூச்சுக்கு மூன்று மாதமாவது ஊறட்டும். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி எல்லாம் கலவை அரைக்கும்போது. தாளிக்கும் தொட்டியில் வேண்டாம்.

தொட்டி இரும்பு அல்லது செங்கல். பிளாஸ்டிக் சூட்டில் இளகும். அலுமினியம் சுண்ணாம்போடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயு விடும், அதைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் நிற்க விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் 20 நிமிடம் விடாமல் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திண்ணை:

குறிப்பின் பின்பகுதியில் அஸ்திவார மண் பற்றி ஏதாவது இருந்தால் அங்கே ‘ஸ்லேக்’ வேறு. காய்ந்த மண்கட்டியைத் தண்ணீரில் போட்டதும் உள்ளே அகப்பட்ட காற்று நெருக்கி, கட்டி உதிர்ந்து போவதை மண்ணியலில் அப்படிச் சொல்வார்கள். அதற்குத் ‘தாளி’ பொருந்தாது. ‘கரைந்து உதிர்தல்’ என்று போடுங்கள்.

வளவு:

நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். கடையில் கிடைப்பது கட்டியே இல்லை, மூட்டையில் மாவுதான். ‘ஏர்-ஸ்லேக்’ ஆனதைத் திருப்பி அனுப்பு என்றும் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது.

இரண்டாங்கட்டு:

மூட்டையில் ‘ஹைட்ரேட்டட் லைம்’ என்று இருந்தால் ஆலையிலேயே தாளித்த மாவு. திரும்பத் தாளிக்க ஒன்றுமில்லை. தண்ணீரில் குழைத்து ஒரு நாள் ஊறவிட்டால் போதும். ஆனால் மேல்பூச்சுக்குக் கட்டியில் தாளித்து ஊறிய விழுதின் வழவழப்பு இதில் வராது. இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 712-இல் ‘சி’ வகை வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி கேட்டுப் பாருங்கள். ஐ.எஸ். 1635 களத்தில் தாளிப்பதற்கென்றே எழுதப்பட்டது, அதையும் மேஸ்திரியிடம் காட்டலாம்.

‘ஏர்-ஸ்லேக்’ என்பது திறந்து கிடந்து காற்றின் ஈரத்தில் தானாக உதிர்ந்து, கரியமில வாயுவையும் இழுத்துப் பாதி சுண்ணாம்புக்கல்லாகவே திரும்பிவிட்ட சரக்கு. ஒட்டும் தன்மை போய்விடும். ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் வாங்காதீர்கள். ஒன்றிரண்டு குமிழி வந்தால் பரவாயில்லை.